வைக்கத்தில் மூட்டிய அடுப்பு

வேப்பந்தட்டைப் படிப்பகத் தோழர்கள் நமக்கொரு கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலில், பகுஜன் திராவிடக் கட்சி என்ற பெயரில், தலைப்பாகை கட்டிய தமிழர் எழுவர் தமிழ்நாட்டில் வேட்பாளர்களாக நின்றார்கள். பஞ்சாபிலிருந்து வந்து குடியேறியவர்களல்லர். தமிழ் பேசும் தாய்க்குப் பிறந்து, தமிழ் மண்ணில் வளர்ந்து, சீக்கிய நெறியைத் தாமாகத் தேர்ந்துகொண்டவர்கள். "நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகளில் மட்டுமே அந்தத் தலைப்பாகையைப் பார்த்திருந்தோம். இவர்கள் யார்? இந்துவா, இல்லையா? இவர்களுடைய சாதிச் சான்றிதழ் என்ன ஆகும்? அப்படி மாறினால் சாதிதான் போய்விடுமா?" என்று கேட்கிறார்கள் தோழர்கள்.

பேராசிரியர்கள் ஐந்நூறு பக்கத்தில் கேட்பதைப் பருத்தி எடுத்தும் கல் உடைத்தும் வாழ்பவர்கள் நாலு வரியில் கேட்டுவிட்டார்கள்! சான்றிதழிலிருந்தே தொடங்குவோம். வயிற்றுக்கும் வாழ்வுக்கும் அருகில் இருப்பது அதுதானே.

வேப்பந்தட்டை அடங்கிய பெரம்பலூர்ச் சட்டமன்றத் தொகுதி தனித் தொகுதி. அங்கே தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த ஒருவர், கூலி வேலை செய்கிறவர், தேர்தலில் நிற்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இந்துவாக இருந்தால் நிற்கலாம். சீக்கியரானால் நிற்கலாம். பௌத்தரானாலும் நிற்கலாம். கிறித்தவராகவோ முஸ்லிமாகவோ ஆகிவிட்டால் நிற்கக்கூடாது! அதே சேரி, அதே குடிசை, அதே கூலி. ஊரார் அவரை அழைக்கும் விதத்திலும் மாற்றமில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அவர் வேறு ஆளாகிவிடுகிறார்.

1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவரின் ஆணைதான் இதற்குக் காரணம். இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தினர் எவரும் பட்டியல் வகுப்பினர் ஆகார் என்று அதன் மூன்றாம் பத்தி வரையறுத்தது. பஞ்சாப் பகுதியில் மஜ்ஹபி, ராம்தாசி, கபீர்பந்தி, சிக்லிகர் என்ற நான்கு சீக்கிய வகுப்புகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. சீக்கியத் தலைவர்கள் விடவில்லை. போராடினார்கள், 1956-இல் சீக்கியர் அனைவருக்கும் அந்த உரிமை வந்தது. பௌத்தர்கள் 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிறித்தவராகவும் முஸ்லிமாகவும் ஆன தாழ்த்தப்பட்டோர் இன்னமும் வாயிலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். அவர்களில் கிறித்தவரானவர்களுக்கும் பட்டியல் உரிமை வேண்டுமென்று தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது.

ஆகவே தலைப்பாகை கட்டிய தமிழரின் சான்றிதழுக்குச் சட்டப்படி இடையூறில்லை. ஏன் இல்லை என்பதில்தான் சூது இருக்கிறது. சீக்கியத்தின் மேல் கொண்ட காதலால் டில்லி இந்த வாயிலைத் திறந்துவைக்கவில்லை. "அவர்களும் நம்மவர்கள்தாம், நம் மதத்தின் ஒரு கிளைதான்" என்ற கணக்கு அந்த வாயிலுக்குப் பின்னே ஒளிந்திருக்கிறது.

அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். அதன் அடியில் இரண்டு விளக்கங்கள் உண்டு. கிர்பான் என்னும் குறுவாளை அணிவதும் எடுத்துச் செல்வதும் சீக்கிய மதத்தைக் கைக்கொள்வதில் அடங்கும் என்கிறது முதல் விளக்கம். அதாவது, சீக்கிய மதம் என்று ஒன்று உண்டு. அடுத்த வரியிலேயே இரண்டாம் விளக்கம் வருகிறது: இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடுவது பற்றிய உட்பிரிவில் 'இந்து' என்ற சொல் சீக்கியரையும் சமணரையும் பௌத்தரையும் உள்ளடக்கும் என்று! முதல் வரியில் தனி மதம், மறு வரியில் உள்ளடக்கம். 1955-இல் இந்துத் திருமணச் சட்டம் வந்தது, 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. இரண்டின் தலைப்பிலும் 'இந்து', இரண்டின் உள்ளேயும் சீக்கியர். தங்கள் முறைப்படி நடக்கும் திருமணத்துக்கு 1909-லேயே ஆனந்த் திருமணச் சட்டம் என்று ஒன்றை அவர்கள் பெற்றிருந்தார்கள். அந்தச் சட்டத்தின்கீழ் திருமணத்தைப் பதிவு செய்யும் வழி பிறந்தது 2012-இல்!

இந்த இரண்டாம் விளக்கத்தை எதிர்த்து 1984 பிப்ரவரியில் அகாலித் தலைவர்கள் 25-ஆம் பிரிவு அச்சிட்ட தாளை டில்லியிலே கொளுத்திச் சிறை சென்றார்கள். சட்டத்தைக் கொளுத்துவதா என்று பதறியவர்கள் பலர். தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. சாதியைக் காக்கும் பிரிவுகளை எதிர்த்து 1957 நவம்பர் 26-இல் பெரியார் ஆணையிட, ஆயிரக்கணக்கான தோழர்கள் கொளுத்திவிட்டுச் சிறைக்குப் போன நாடு இது. அரசியல் சட்டத்தின் செயற்பாட்டை ஆராய அமைக்கப்பட்ட நீதிபதி வெங்கடாசலய்யா ஆணையமும், அந்த இரண்டாம் விளக்கத்தை நீக்கிவிட்டு உட்பிரிவைத் திருத்தி எழுதலாம் என்று 2002-இல் பரிந்துரைத்தது. பரிந்துரை பெட்டிக்குள் போயிற்று. விளக்கம் அப்படியே இருக்கிறது.

சரி, "நம்மவர்கள்" என்று இவ்வளவு உரிமையோடு அணைத்துக்கொள்கிறார்களே, அந்த நம்மவர்கள் ஒரு நாள் நம்முடைய போராட்டக் களத்துக்கே வந்தார்கள். அன்று என்ன நடந்தது?

1924. திருவிதாங்கூர் சமஸ்தானத்து வைக்கம். மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நாய் நடக்கலாம், ஈழவர் நடக்கக்கூடாது, புலையர் நடக்கக்கூடாது. மார்ச்சு 30-இல் சத்தியாக்கிரகம் தொடங்கியது. டி.கே. மாதவன், கேசவ மேனன், ஜார்ஜ் ஜோசப் என்று தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிறைப்பட்டனர். களம் வெறிச்சோடும் நிலையில் ஈரோட்டுக்குக் கடிதம் போயிற்று. ஏப்ரல் 13-இல் பெரியார் வைக்கம் சென்றார். அன்று அவர் தமிழ்நாடு காங்கிரசின் தலைவர். இருமுறை சிறைப்பட்டார். இதெல்லாம் நம் தோழர்கள் மேடைதோறும் கேட்டதுதான்.

மேடைகளில் அதிகம் சொல்லப்படாதது ஒன்று உண்டு. அந்த ஏப்ரல் மாதக் கடைசியில் பஞ்சாபிலிருந்து அகாலிகளின் ஒரு குழு வைக்கத்துக்கு வந்து இறங்கியது. அமிருதசரசில் அப்போதிருந்த மலையாளி கே.எம். பணிக்கரின் முயற்சியும் அதற்குத் துணை. வந்தவர்கள் சொற்பொழிவாற்றவில்லை. அடுப்பு மூட்டினார்கள். லங்கர் என்று அவர்கள் சொல்லும் பொதுச் சமையற்கூடத்தைத் திறந்து, சத்தியாக்கிரகத் தொண்டர்களுக்குச் சோறு போட்டார்கள். யார் வந்தாலும் ஒரே வரிசை, ஒரே தரை, ஒரே உணவு. பக்கத்தில் இருப்பவனின் சாதியைக் கேட்காமல் உண்பது என்பது வைக்கத்துக் கோயில் தெருவிலே நடப்பதைவிடப் பெரிய கலகம் என்பது வைதீகத்துக்குத் தெரியாமலா இருக்கும்?

வந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். அதே ஆண்டு பிப்ரவரி 21-இல்தான் ஜைத்தோ என்னுமிடத்தில் அகாலிகளின் ஊர்வலத்தின்மீது துப்பாக்கி வெடித்தது. தங்கள் வீட்டில் இழவு விழுந்து பத்து வாரம்கூட ஆகவில்லை. அடுத்தவன் வீட்டுப் பசிக்கு அரிசியோடு வந்தார்கள், அதுவும் ஈராயிரம் கல்லுக்கு அப்பாலிருந்து.

காந்தியார் என்ன செய்தார்? சமையற்கூடம் வேண்டாம் என்றார். இது இந்துக்கள் தாமே தீர்த்துக்கொள்ள வேண்டியது, வெளியார் உதவி கூடாது என்றார். கிறித்தவரான ஜார்ஜ் ஜோசப்பையும் விலகி நிற்கச் சொன்னவர் அவர்தான். தொண்டன் தன் ஊர்ச் சோற்றை உண்டு போராடினால்தான் போராட்டம் ஊருடையதாக இருக்கும் என்ற வாதமும் அவரிடம் இருந்தது. அதில் பொருளே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். வெளிப் பணத்தில் நடக்கும் கிளர்ச்சி பணம் நின்றதும் நிற்பதைப் பார்த்திருக்கிறோம். ஆனால் அகாலிகள் தந்தது பணமல்ல, பந்தி. எந்தத் தீண்டாமையை எதிர்த்துப் போராட்டமோ, அந்தத் தீண்டாமைக்கு மருந்தே அந்தப் பந்திதான். இரண்டாண்டுக்கு முன், பொற்கோயில் கருவூலத்துச் சாவியை வெள்ளையன் திருப்பிக் கொடுத்தபோது, அகாலிகளை வாழ்த்தித் தந்தி அடித்தவரும் இதே காந்தியார்தான்!

அடுப்பு அணைந்தது. அகாலிகள் திரும்பினார்கள். 1925 நவம்பரில் கோயிலைச் சுற்றி மூன்று பக்கத்துத் தெருக்கள் திறந்தன. கோயிற்கதவு திறக்க 1936 நவம்பர் ஆயிற்று.

உரிமைப் போரில் உதவ வந்தால் சீக்கியர் வெளியார். மக்கள்தொகையைக் கூட்டும்போதும் சட்டத்துக்குத் தலைப்பு எழுதும்போதும் அதே சீக்கியர் உள்ளடங்கியவர்! பந்தியில் வேண்டாம், பட்டியலில் வேண்டும். இந்த இரட்டைக் கணக்கை எழுதியது யார்? எந்தக் குரு சொன்னது? எந்தச் சீக்கியன் கேட்டது?

1936-இலும் இதே கணக்குப் பிள்ளைகளைக் காண்கிறோம். "இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாகமாட்டேன்" என்ற பொருள்பட 1935 அக்டோபரில் இயோலாவில் அறிவித்த டாக்டர் அம்பேத்கர், மறு ஆண்டு ஏப்ரலில் அமிருதசரசில் நடந்த சீக்கிய மாநாட்டுக்குச் சென்றார். சீக்கியத்தைத் தழுவலாமா என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. உடனே இந்து மகாசபையின் டாக்டர் மூஞ்சே ஓடோடி வந்தார். இஸ்லாம் வேண்டாம், கிறித்தவம் வேண்டாம், சீக்கியம் என்றால் எங்களுக்குத் தடையில்லை, அது இந்துப் பண்பாட்டுக்குள் அடக்கந்தானே என்றார். மூஞ்சே அனுப்பிய திட்டத்தைச் சென்னையில் இருந்து மறுத்து, கடிதங்களையும் வெளியிட்டவர் நம் எம்.சி. ராஜா. ஒரு பட்டியிலிருந்து இன்னொரு பட்டிக்கு மாற்றிக்கொடுக்க எம் மக்கள் ஆடுமாடுகளா என்று கேட்டார். அம்பேத்கரோடு ராஜா முரண்பட்ட இடங்கள் பல. ஆனால் மூஞ்சேயின் கணக்கை அவர் சரியாகப் படித்தார். அம்பேத்கர் இறுதியில் 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார்.

வெளியார் என்றதும் இன்னொரு சீக்கியரையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. டில்லி அனுப்பிய ஆளுநராக 1990-இல் சென்னைக்கு வந்தவர் சுர்ஜித் சிங் பர்னாலா. பஞ்சாபில் முதலமைச்சராக இருந்து, 1987-இல் குடியரசுத் தலைவர் ஆட்சியால் பதவி பறிக்கப்பட்ட அகாலி. 1991 சனவரியில் கலைஞர் ஆட்சியைக் கவிழ்க்க டில்லி அவரிடம் அறிக்கை கேட்டது. அவர் தரவில்லை. 356-ஆம் பிரிவிலே "ஆளுநரின் அறிக்கை மீதோ அல்லது வேறு வகையிலோ" என்று இருக்கிறதல்லவா, அந்த "வேறு வகை"யைப் பிடித்துக்கொண்டு சனவரி 30-இல் ஆட்சியைக் கலைத்தார்கள். பர்னாலாவைப் பீகாருக்கு மாற்றினார்கள்; அவர் பதவியை விட்டே விலகினார். கழுத்தில் கத்தி பட்டவனுக்குத்தான் அடுத்தவன் கழுத்தின் அருமை தெரியும். 2004-இல் மறுபடியும் ஆளுநராக வந்து, 2006 மே மாதம் கலைஞருக்குப் பதவி உறுதிமொழி செய்துவைத்தவரும் அவரே.

இனி, சாதி போய்விடுமா என்ற கேள்வி. இங்கேதான் நாம் கழகத் தோழர்களிடம் பூசி மெழுகாமல் பேச வேண்டும்.

எந்த ஏட்டையும் தலைமேல் வைத்துக் கும்பிடும் வழக்கம் நமக்கில்லை. ஆயினும் ஏடுகளுக்குள் வேறுபாடு உண்டு. கேட்டவன் காதில் ஈயத்தை ஊற்றச் சொல்லும் ஏடும் ஏடுதான். எவனும் வந்து படி என்று திறந்து வைத்திருப்பதும் ஏடுதான். 1604-இல் குரு அர்ஜன் தொகுத்து அமிருதசரசுக் கோயிலில் வைத்த ஆதி கிரந்தம் இரண்டாவது வகை. மக்கள் பேசும் மொழிகளில், அவர்கள் எழுதிப் படிக்கும் குர்முகி எழுத்தில் அமைந்தது. அதிலே குருமார்களின் பாடல் மட்டுமா இருக்கிறது? தறி நெய்த கபீர் இருக்கிறார். செருப்புத் தைத்த ரவிதாசர் இருக்கிறார். மராட்டிய நாட்டுத் தையற்காரர் நாமதேவர், நாவிதர் சேனர், முஸ்லிம் ஞானி பரீத் எல்லாரும் இருக்கிறார்கள். இன்றைய பதிப்பு 1430 பக்கம். குரு கோவிந்த சிங் 1708-இல் நாந்தேட்டில் மறையும்போது, இனி மனிதர் எவரும் குரு அல்லர், இந்த நூலே குரு என்றார். ஆண் படிக்கலாம், பெண் படிக்கலாம், எந்தக் குலத்தவரும் படிக்கலாம். கருவறையில் தமிழ் ஒலிக்க வேண்டும், எல்லாச் சாதியினரும் அர்ச்சகராக வேண்டும் என்று கேட்டு, 1970-இல் சட்டம் செய்து, 2021-இல் பணியாணை கொடுத்து, அதற்குப் பிறகும் வழக்குமன்றப் படிகளில் ஏறி இறங்கும் நமக்கு இதன் அருமை புரியும்.

1699-இல் அனந்தபூரில் தலையைத் தர முன்வந்த ஐவரில் ஒருவர் பூரி ஜகந்நாதத்துத் தண்ணீர் சுமப்பவர், ஒருவர் தென்னாட்டுப் பீதரைச் சேர்ந்த நாவிதர். குரு அவர்களுக்கு அமுதம் தந்தார். பிறகு அவர்கள் கையாலே தாமும் வாங்கி அருந்தினார்.

இத்தனையும் இருந்தும் சாதி திரும்பி வந்தது! பொற்கோயிலுக்குள்ளேயே வந்தது. 1920 அக்டோபர் 12-இல், புதிதாகச் சீக்கியரான தாழ்த்தப்பட்ட மக்கள் படையலோடு போனபோது, பூசாரிகள் அதை வாங்க மறுத்தார்கள். கிரந்தத்தைத் திறந்து பார்ப்போம், அது சொல்லட்டும் என்றார்கள் மற்றவர்கள். திறந்த பக்கம் ஒடுக்கப்பட்டவன் பக்கம் பேசியது. பூசாரிகள் அகால் தக்தை விட்டே ஓடிப்போனார்கள். கோயில்களை மக்களே நிருவகிக்கும் குழு அடுத்த மாதமே பிறந்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதல்ல. 1921 பிப்ரவரியில் நங்கானா சாகிபில் மடாதிபதியின் ஆட்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்களை வெட்டியும் எரித்தும் கொன்றார்கள். 1922-இல் குரு கா பாக்கில் கைகட்டி நின்று தடியடி வாங்கினார்கள். 1925-இல் குருத்துவாராச் சட்டம் வந்து, கோயில் நிருவாகம் வாக்குப்பெட்டிக்கு வந்தது. அதே 1925-இல்தான் சென்னையில் நீதிக்கட்சி ஆட்சியின் அறநிலையச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. வடக்கே இரத்தத்தாலும் தெற்கே சட்டமன்றத்தாலும் ஒரே ஆண்டில் பூசாரியின் பெட்டிச் சாவி பறிக்கப்பட்டது.

பூசாரி போனான், சாதி போயிற்றா? போகவில்லை. இன்றைக்கும் பஞ்சாபில் பல ஊர்களில் மஜ்ஹபிகளுக்குத் தனிக் குருத்துவாரா, தனிச் சுடுகாடு. ஏன்? நூல் திறந்திருந்தது, பந்தி பொதுவாயிருந்தது, நிலம் பூட்டியிருந்தது! 2011 கணக்குப்படி பஞ்சாப் மக்களில் தாழ்த்தப்பட்டோர் ஏறத்தாழ 32 விழுக்காடு. இந்தியாவில் எந்த மாநிலத்தைக் காட்டிலும் அதிகம். உழும் நிலத்தில் அவர்களுக்குள்ளது மிகச் சிறு துண்டு. பெருநிலம் ஜாட் வகுப்பாரின் கையில். லங்கரில் பக்கத்தில் உட்கார்ந்து உண்டவன், மறுநாள் காலையில் அவர் வயலில் கூலியாக நிற்கிறான்.

ஊர்ப் பொதுநிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாழ்த்தப்பட்டோருக்குக் குத்தகைக்கு விட வேண்டும் என்று அங்கே சட்டமே உண்டு. 1961-ஆம் ஆண்டுச் சட்டம். ஏலத்தில் அவர்கள் பெயரை எழுதிவிட்டு, உழுவது பெருநிலக்காரராக இருந்தது. 2014 முதல் சங்குரூர் வட்டாரத்துக் கூலி மக்கள் சங்கம் கட்டி, தடியடி பட்டு, ஊர் விலக்கம் தாங்கி, பல ஊர்களில் அந்த மூன்றில் ஒரு பங்கை மீட்டுக் கூட்டாகப் பயிரிடுகிறார்கள். பெண்கள் மாட்டுக்குப் புல் அறுக்க அடுத்தவன் வரப்பில் ஏச்சுக் கேட்க வேண்டியதில்லை. அந்த மக்களில் பெரும்பாலோர் சீக்கியர்களே. அவர்களுடைய குரு அவர்களுக்கு நூலைக் கொடுத்தார். நிலத்தை அவர்களே மீட்டார்கள்.

இங்கே 1892-ஆம் ஆண்டு ஆணைப்படி பஞ்சமருக்கென்று ஒதுக்கிய நிலங்கள் உண்டு. வேறு வகுப்பார் வாங்கினால் செல்லாது என்பது நிபந்தனை. அவற்றை மீட்கக் கேட்டு 1994-இல் செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் எழுந்த கிளர்ச்சியில் இருவர் காவலர் குண்டுக்கு இரையானார்கள். தலைப்பாகை கட்டுவதும் கட்டாததும் அவரவர் உரிமை. கட்டுகிற தோழரும் கட்டாத தோழரும் சேர்ந்து வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய், தம் ஊர் 'அ' பதிவேட்டில் பஞ்சமி என்று குறித்த புல எண்கள் எவை, இன்று அவை யார் பெயரில் இருக்கின்றன என்று எழுதிக் கேட்கட்டும். பதிலை நமக்கு அனுப்பினால் இந்தப் பத்தியிலேயே வெளியிடுவோம்.